பம்பரம் அண்ணை கழுவிய தரை

சுவிட்சர்லாந்து ரயில் நிலைய மணிக்கூட்டின் சிவப்பு முள்கூட ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கணம் நின்றுதான் நகரும். பம்பரம் அண்ணை அவ்வளவுகூட நிற்கமாட்டார். பேருந்துக்குக் காத்திருக்கச் சொன்னால் அடுத்த தரிப்பிடம்வரை நடந்துபோய் அங்கே ஏறுவார். சோற்றுத் தட்டோடு அறையைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிடுவார். எண்பதுகளில் அவரோடு ஒரே அறையில் இருந்த எனக்குப் பார்த்தே தலை சுற்றும்.

"அண்ணை, கொஞ்சம் இருங்கோவன்."

"இருந்தால் கால் விறைச்சுப்போம் தம்பி. நீ இரு. உனக்கு அது வடிவா வருது."

கேலியா, பாராட்டா என்று கேட்க எனக்குக் கூச்சம்.

வில் என்ற நகருக்குப் பக்கத்தில் கழிவுநீர் சுத்திகரிக்கும் நிலையமொன்றில் இருவரும் வேலை செய்தோம். அடியில் தங்கும் சேற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுப்பது எங்கள் பகுதி. பழைய இயந்திரத்தில் துணி போர்த்த இரும்புத் தட்டுகள் வரிசையாக நிற்கும். பிழிந்து முடிந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, ஒட்டிய சேற்றுக் கட்டியைச் சுரண்டி விழுத்த வேண்டும். ஓட்டமும் நடையுமான வேலை. அண்ணைக்குச் சொர்க்கம். நான் ஒரு தட்டைச் சுரண்டுவதற்குள் மற்றப் பக்கத்தால் வந்து என்னோடு முட்டுவார்.

பிறகு புது இயந்திரம் வந்தது. படுவேகமாகச் சுழலும் உருளை. சேற்றைத் திரளவைக்க ஒரு வெள்ளைத் தூள் போட்டால் போதும். தண்ணீர் வேறாக, கட்டி வேறாக வரும். பக்கத்தில் கதிரை போட்டு அளவுமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரே ஓர் ஆள்.

"உங்களில் ஒருவர்தான்," என்றார் மைஸ்டர், எங்கள் மேற்பார்வையாளர். மூத்தவர் என்பதால் அண்ணைக்குத்தான் அந்த இடம். நான் வேறு வேலை தேட வேண்டும். அகதி மனு முடிவாகாதவனுக்கு அது இலேசல்ல.

அண்ணை கதிரையை முறைத்தார். "நான் சுத்தினது காணாதெண்டு இப்ப இது சுத்துதாம். என்னை இருக்கட்டாம்! இது வேலையோ, தண்டனையோ?"

பழகட்டும் என்று ஒரு நாள் இருத்திப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் கதிரையோடு மண்டபத்தின் மறுமூலைக்குப் போயிருந்தார்.

நகரசபைப் பெரியவர்கள் இயந்திரத்தைப் பார்க்க வரும் காலையில், மூட்டையை அவிழ்த்தபோது தூள் தரையில் கொட்டுண்டது. கூட்டி அள்ளியிருக்கலாம். ஆனால் ஆட்கள் வந்தால் முற்றத்தில் தண்ணீர் தெளிக்கிற ஊர்க்காரர் அல்லவா நாங்கள்? இருவரும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினோம். தூள் தண்ணீரில் ஊறி, தரை வெண்டிக்காய்ப் பசையாக வழுக்கியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து தம்பி, போயிடும்."

ஊற்றினேன். இன்னும் வழுக்கியது.

முதலில் வந்த பெரியவர் கைகுலுக்க நீட்டிய கையோடு எங்களைக் கடந்து, இயந்திரத்தையும் கடந்து, மறுகதவால் வெளியே போனார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த மைஸ்டர் அவருக்கு முதலே வெளியே நின்றார்.

"யார் கழுவியது?" கதவைப் பிடித்தபடி உள்ளே திரும்பி வந்த மைஸ்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை ஓர் அடி முன்னே வைத்தார். தரை அவரை நாலடி கொண்டுபோனது. மைஸ்டரின் சட்டையைப் பிடித்து நின்று, "நான். தனிய நான்," என்று தமிழிலேயே சொன்னார். நெஞ்சில் தட்டிக் காட்டியதால் மைஸ்டருக்கு விளங்கிவிட்டது.

வேலை எனக்கு வந்தது.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்? ரெண்டு பேரும்தானே கழுவினனாங்கள்?"

"உனக்கென்ன விசரோ? ரெண்டு பேரையும் கலைச்சிருப்பான். அந்தக் கதிரையில இருந்தால் எனக்குத்தான் விசர் பிடிக்கும்."

சில வாரம் அலைந்தபின் அடுத்த ஊர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. நாள் முழுக்க வண்டி தள்ளுகிற வேலை என்று சந்தோஷப்பட்டார். வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனேன். மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தார். கட்டிப்பிடிக்க எனக்குக் கூச்சம். அவருடைய பையை வாங்கிக்கொண்டு, ரயில் வரும்வரை நானும் கூடவே நடந்தேன்.