ஜெயித்தாலும் மொட்டை, தோற்றாலும் மொட்டை

சாமியிடம் வாயைக் கொடுத்தவன் அதே வாரத்தில் மனிதனிடமும் வாயைக் கொடுக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்குத் தலைக்கு மேலே இருந்தது நிறைய, உள்ளே இருந்தது கொஞ்சம்.

மேலே இருந்ததைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூண்டியில் எங்களுக்குக் காடு உண்டு. வெள்ளைப்பூண்டும் கேரட்டும் போடுவோம். கொடைக்கானலுக்கு ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டு போனால், லோடை இறக்கிய கையோடு சலூனில் உட்கார்ந்து முடியைத் திருத்திக்கொண்டுதான் ஊர் திரும்புவேன். ஜீப் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்ததைவிட என் தலையைப் பார்த்ததுதான் அதிகம். (நல்லவேளை, எங்கள் சாலையில் பின்னால் அவ்வளவாக வண்டி வராது.)

இது நடந்தது இரண்டு சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால். எங்கள் தொகுதியில் அந்தத் தடவையும் அதே இரண்டு பேர்தான் மோதினார்கள். முதல் தடவை எங்கள் ஆள் ஜெயித்தார். அடுத்த தடவை அவர் தோற்று, எதிராளி ஜெயித்தார். இது மூன்றாவது மோதல். கபடியில் கடைசி ஆட்டம் என்று சொல்வார்களே, அப்படி ஊரே நரம்பு முறுக்கிக் கிடந்தது. வேட்பாளர்களின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். ‘நம்மாளு’, ‘அவுகாளு’, அவ்வளவுதான்.

அந்த ‘அவுகாளு’ பக்கத்துக்கு எங்கள் ஊரில் தலைமை தாங்கியவர் என் தாய்மாமன் ராசு. இந்தப் பக்கத்துக்கு நான். மாமா என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஆனால் இரண்டாவது தேர்தலில் அவருடைய ஆள் ஜெயித்தபோது எங்கள் வீட்டு வாசலில் சரவெடி கொளுத்தினார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் கிடந்து அம்மாதான் தவித்தாள். அண்ணன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். மாமா மகள் செல்வியை எனக்குக் கட்டி வைத்தால் இந்தப் பகை தீரும் என்று அழுது அடம்பிடித்து, வைகாசியில் முகூர்த்தம் குறித்தாள். (எனக்கும் செல்விக்கும் இதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், அம்மா அழ ஆரம்பித்ததே நான் கேட்டுக்கொண்டதால்தான்.)

ஓட்டுப் பதிவுக்கு முந்தின வாரம், முதல் பத்திரிகையை முருகன் பாதத்தில் வைக்கப் பழனிக்குப் போனேன். மலையேறி, மூச்சு வாங்கி, தீபாராதனையைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்றுதான் கும்பிட வேண்டும். நான் என்ன கும்பிட்டேன் தெரியுமா? “முருகா, இந்தத் தடவை எங்காளு ஜெயிச்சா, கல்யாணத்துக்கு முன்னாடி வந்து முடி காணிக்கை செலுத்துறேன்.” இருக்கிறதிலேயே பெரிய சொத்தைக் கொடுக்கிறோம் என்ற பெருமிதம் வேறு.

ஊருக்கு வந்த மறுநாள் டீக்கடையில் மாமா உட்கார்ந்திருந்தார். என்னிடம் நேராகப் பேசவில்லை. டீ ஆற்றுகிறவரிடம் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னார்.

“சில பேருக்கு இன்னும் புத்தி வரலப்பா. தோத்த ஆளத் தூக்கிக்கிட்டுத் திரியிறாக.”

நானும் டீ ஆற்றுகிறவரிடமே சொன்னேன். “யாரு தோக்குறாகன்னு எண்ணுற அன்னைக்குத் தெரியும். எங்காளு தோத்தா நான் மொட்டை அடிச்சுக்கிறேன். அவுகாளு தோத்தா அவுக அடிச்சுக்கிறாகளான்னு கேளுங்க.”

மாமா முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். “அடிக்கிறேன் மாப்ள. வாக்கு மாற மாட்டீகளே?”

“நான் உங்க தங்கச்சி மகன்.”

கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தலையைக் கோதிக்கொண்டே வீரனாக வெளியே வந்தேன். முருகன் நினைப்பு துளியும் வரவில்லை.

வர வைத்தவள் செல்வி. அவள் வீட்டுக் கொட்டகையில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் பேசியபின் அந்தப் பக்கம் போகக் கூடாதுதான். ஆனால் பந்தயத்தைப் பெருமையாகச் சொல்ல எனக்கு ஆள் வேண்டுமே. வேலிக்கு வெளியே நின்று அதைச் சொன்னேன். சொன்ன வேகத்தில் பழனி வேண்டுதலையும் சொல்லிவிட்டேன்.

செல்வி கையை நிறுத்தினாள். இரண்டு பூண்டை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள்.

“இது உங்காளு. ஜெயிச்சா?”

“முருகனுக்கு மொட்டை.”

“தோத்தா?”

“உங்கப்பாவுக்கு...” என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

“ஜெயிச்சாலும் மொட்டை, தோத்தாலும் மொட்டை. அப்ப எதுக்கு மச்சான் எலெக்சனு? இன்னைக்கே போயி அடிச்சுட்டு வந்திருங்க, சோலி முடிஞ்சது.” இரண்டு பூண்டையும் கழிவுக் கூடையில் போட்டாள். “ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். மொட்டைத் தலையோட மணவறையில வந்து உக்காந்தீக, நான் எந்திரிச்சுப் போயிருவேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் விளையாட்டு எதுவும் தெரியவில்லை.

அதற்குப்பின் நான் பட்ட பாட்டைக் கேட்க வேண்டாம். அம்மாவிடம் போய், வேண்டுதலைக் கல்யாணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “சொன்னது முன்னாடின்னு. சாமிகிட்ட தவணை கேக்குறியா?” என்றாள். மாமாவுக்கு ஆள் அனுப்பி, பந்தயத்தை மீசை அளவில் முடித்துக்கொள்ளலாமா என்று விசாரித்தேன். “மாப்ளக்கி இப்பவே தோல்வி பயம் வந்துருச்சு” என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். எங்கள் கட்சிக்காரர்களுக்கு அது எரிச்சல்.

கடைசி நாள் பிரச்சாரத்தில் என் கோஷம் அரைகுறையாக வந்தது. எங்கள் ஆள் ஜெயிக்க வேண்டும் என்று வாய் சொல்லும். வேண்டாம் என்று தலை சொல்லும். தோற்றாலும் வினைதான். தொகுதியிலேயே மறுதேர்தலுக்கு ஆசைப்பட்ட ஒரே தொண்டன் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாவதாக ஒரு அம்மா போட்டியிட்டார் என்பதை இப்போதுதான் சொல்கிறேன். அப்போதும் நாங்கள் அவரை இப்படித்தான் கண்டுகொள்ளாமல் விட்டோம். எங்கள் இரண்டு தரப்பும் மைக் செட் வைத்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அம்மா ஒரு வாடகை ஜீப்பில் வந்து இறங்கினார். கேரட் கழுவுகிற பெண்களோடு தண்ணீரில் நின்று பேசிவிட்டுப் போனார். ‘மலைக்குக் காத்து வாங்க வந்திருக்காக’ என்று மாமா கேலி பேசினார். பகையை மறந்து நானும் சிரித்தேன்.

எண்ணிக்கை நாள் வந்தது. எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது மேட்டு வளைவில் மட்டும்தான். வெள்ளனவே இரண்டு கட்சிக்காரர்களும் அங்கே போய்விட்டோம். சாலையின் அந்த ஓரம் அவர்கள், இந்த ஓரம் நாங்கள். மாமா பட்டாசை மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். பனிமூட்டத்தில் அது நமத்துப்போகக் கூடாதே என்று மேல்துண்டால் வேறு மூடியிருந்தார்.

எங்கள் ஆள் முன்னிலை என்றதும் பையன்கள் என்னைத் தூக்கினார்கள். முருகன் என் முடியைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அடுத்த சுற்றில் அவர்கள் ஆள் முன்னிலை. எதிர் ஓரத்தில் மாமா தன் தலையைத் தடவி, என்னைப் பார்த்து விரலால் கத்திரி போட்டுக் காட்டினார். பிறகு சிக்னல் போய்விட்டது. அது திரும்பி வந்தபோது போனைக் காதில் வைத்திருந்தவன், ‘யாரு, யாரு’ என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

“ஏலே, யாருடா?” என்றார் மாமா.

“அந்தம்மா.”

“எந்தம்மா?”

“தண்ணியில நின்னு பேசுனாகள்ல, அந்தம்மா. மலை பூத்து ஓட்டு பூராவும் அவுகளுக்குத்தான் விழுந்திருக்காம்.”

இரண்டு ஓரத்திலும் எல்லாரும் அந்தப் போனையே பார்த்தார்கள். சற்றுத் தள்ளிக் கேரட் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம். எங்கள் ஆள் ஜெயிக்கவில்லை, வேண்டுதல் ரத்து. அப்புறம்தான் பந்தயம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஆள் தோற்றுவிட்டார். மாமாவைப் பார்த்தேன். அவரும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆளும் தோற்றுவிட்டார்.

மாமா பட்டாசைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். நேருக்கு நேர் நின்றார்.

“மாப்ள, வெரசா வண்டிய எடுங்க. பழனிக்கே போயிருவோம். எடுக்கிற முடி முருகனுக்காச்சும் போகட்டும்.”

வழியெல்லாம் பேசினோம். பேசாமல் கிடந்த ஐந்து வருடத்துப் பேச்சு முழுவதும் அந்த மலைப்பாதையில் இறங்கியது. முடி எடுக்கும் இடத்தில், “என்ன வேண்டுதலுங்க?” என்று கேட்டவரிடம் மாமா, “தேர்தல்ல தோத்துட்டோம்” என்றார். அவர் எங்களை வேட்பாளர்கள் என்றே நினைத்து, மரியாதையாகத் தண்ணீர் தெளித்தார். சந்தனம் பூசிய மாமாவின் தலையைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. என் தலையைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. இந்த மனிதரோடு இத்தனை நாள் பேசாமல் இருந்தோமே என்று நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

கல்யாண நாள் குளிரில் இருவரும் மண்டபத்து வாசல் வரை கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டுதான் வந்தோம். உள்ளே எனக்குத் தலைப்பாகை கட்டினார்கள். பிடிமானத்துக்கு ஒரு முடி இல்லாததால் அது நிற்கவே இல்லை. ஐயர் குனியச் சொன்னபோதெல்லாம் மூக்கு வரை இறங்கியது. கடைசியில் அம்மாவே அதை உருவி எடுத்துவிட்டாள். மண்டபமே சிரித்தது. என் கவலையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றித்தான். எழுந்து போய்விடுவேன் என்று சொன்னவள் ஆயிற்றே.

தாலியைக் கையில் எடுக்கும்போது, “எந்திரிச்சுப் போயிராதே செல்வி” என்று முணுமுணுத்தேன்.

அவள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். “ரெண்டு மொட்டையையும் கண்ணால பாக்கணும்னுதான நான் அந்தம்மாவுக்கு ஓட்டுப் போட்டேன். இப்ப எந்திரிச்சுப் போனா எப்படி?”

எனக்கு வந்த சிரிப்பில், மூன்றாவது முடிச்சை என் தங்கைதான் போட்டாள்.

அந்தப் போட்டோ இன்னும் எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. செல்வி நடுவில், இரண்டு பக்கமும் பளபளப்பாக நாங்கள். வருகிற விருந்தாளிகளிடம் என் மகள், “இதுல யாரு மாப்பிள்ளை, சொல்லுங்க பாப்போம்” என்று போட்டி வைக்கிறாள். பாதிப் பேர் மாமாவைத்தான் காட்டுகிறார்கள்.

இந்தத் தேர்தலிலும் அதே இரண்டு பேர் மறுபடி மோதுகிறார்கள் என்று செய்தி வந்த அன்று, மாமா எங்கள் வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேச்சை எடுத்தார். செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “இந்தத் தடவை என்ன பந்தயம்?” என்றாள்.

மாமாவும் நானும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டோம்.