சுண்ணாம்பு முட்டையில் குஞ்சு

சுண்ணாம்பில் வார்த்த முட்டை பொரிந்து குஞ்சு வந்தால் எங்கே போய் முறையிடுவது என்று தெரியாமல், கண்ணாடிக்காரர் நாற்காலிமேல் ஏறியவர் இறங்காமல் நின்றார். சுவரில் மாட்டியிருந்த கூட்டுப் பெட்டிக்குள் மூன்று குஞ்சுகள். இறகு முளைக்காத, கண் திறக்காத, பார்க்கச் சகிக்காத மூன்று உருப்படிகள். தாய்ப்பறவை அவரைத் தலை சாய்த்துப் பார்த்தது. வாடகை கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல இருந்தது அது.

அந்தப் பெட்டியிலிருந்து நிஜ முட்டைகளை எடுத்தவர் அவரேதான். பதிலுக்குச் சுண்ணாம்பு முட்டைகளை வைத்தவரும் அவரேதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் பெரிய தெருவிலுள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை "இப்போ தெரியுதா? இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டே அவருக்கு விதித்த வார்த்தைகள் தீர்ந்துவிடும். வீட்டுக்கு வந்தால் "ம்", "சரி", "போதும்". கல்யாணமான புதிதில் மனைவி அதை அடக்கம் என்று நினைத்தாள். கொஞ்ச காலம் களைப்பு என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்.

"வீட்டுல ஒரு மனுஷக் குரல் கேட்க மாட்டேங்குதுங்க. ஏதாவது சத்தம் வேணும் எனக்கு."

அவர் யோசித்தார். மறுநாள் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தார். சத்தம் கேட்டாள், சத்தம் வாங்கிக் கொடுத்தாயிற்று. இதில் தன் பக்கம் என்ன குறை என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை.

அந்த ஜோடி வாசலோரம் ஒரு சின்னக் கூண்டில் குடித்தனம் தொடங்கியது. அதன் பிள்ளைகள் ஹாலுக்கு வந்தன. பேரப்பிள்ளைகள் படுக்கையறைக்கு வந்தன. அவற்றுக்குப் பொழுது போகட்டும் என்று அவர் ஃபிஞ்ச் குருவிகள் வாங்கினார். ஃபிஞ்சுகள் பயப்படுகின்றன என்று பெரியவர்களாக இரண்டு காக்கட்டீல் கிளிகள் வாங்கினார். புறாக்கள் தாமாகவே வந்தன. குளியலறையில் துண்டு போடுகிற கம்பி அவற்றுக்குப் பிடித்துப் போயிற்று. மனைவி குளித்துவிட்டு வந்து மறுபடி குளிக்க வேண்டியிருந்தது.

இதில் ஓர் அதிசயமும் நடந்தது. கண்ணாடிக்காரர் பேச ஆரம்பித்தார். காலையில் தினை போடும்போது ஒவ்வொன்றையும் நிறுத்தி நலம் விசாரித்தார். "ராத்திரி தூங்கினியா? ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்டார். கரண்டியைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்று மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளும் ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள்.

ஒரு மழைநாளில் அவள் ஒரே ஒரு பெட்டியோடு ஊரின் மறுகோடியிலிருந்த அக்கா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஒரே ஒரு கூண்டுங்க. எல்லாம் அதுக்குள்ள அடங்குற அன்னைக்குச் சொல்லுங்க. அன்னைக்கே வந்துடறேன்."

கண்ணாடிக்காரருக்கு இந்த நிபந்தனை ரொம்பவும் பிடித்திருந்தது. மனைவியின் மனசு அவருக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை. கூண்டு என்றால் பிடிபடும். அன்றே வேலையில் இறங்கினார்.

முதலில், கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஜோடி இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் வாங்கிப் போனவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். கண்ணாடி சரியில்லை என்று யாரும் வரவில்லை. ஜோடியாகப் போனது குடும்பமாகிவிட்டது, வைக்க இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வந்தார்கள். கடை முதலாளி, இது கண்ணாடிக் கடையா காட்டிலாகாவா என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார். போனதைவிட அதிகமாகத் தூக்கிக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்து, ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தார். ஆண்கள் ஹாலில், பெண்கள் படுக்கையறையில். நடுவில் மூடிய கதவு. இரண்டு பக்கமும் விடிய விடியக் கத்தித் தீர்த்தன. ஒரு காக்கட்டீல் துக்கம் தாங்காமல் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொண்டு மொட்டையாக நின்றது. பிரிந்து கிடப்பது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும் என்பதால் மனசு கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார். திறந்த வேகத்தில் பெட்டிக்குப் பெட்டி முட்டை விழுந்தது.

அப்போதுதான் பறவைக்கடைக்காரர் சுண்ணாம்பு முட்டையைக் காட்டினார். கச்சிதமாக வார்த்து, மெருகு போட்டு, நிஜம் எது பொய் எது என்று தெரியாதபடி இருந்தது.

"பெத்த தாய்க்கே தெரியாது சார். முட்டை போட்ட அன்னைக்கே அதை எடுத்துட்டு இதை வச்சிடுங்க. அது பாட்டுக்கு உக்காந்து உக்காந்து பார்க்கும். ஒண்ணும் வரலைன்னா ஒருநாள் எழுந்து போயிடும்."

"வருத்தப்படாதா?"

"படும். அப்புறம் பழகிடும்."

கண்ணாடிக்காரர் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்து, எந்தப் பெட்டியில் எந்த முட்டையை மாற்றினேன் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். வாழ்நாளில் அவளோடு அவ்வளவு பேசியதில்லை. அவள் "ம்" என்பாள், "சரி" என்பாள். அவளாகக் கூப்பிடுவது கிடையாது. மொட்டைக் காக்கட்டீல் அவருடைய போன் மணியை அப்படியே கற்றுக்கொண்டு விட்டிருந்தது. மணி அடித்தால் அது பறவைதான் என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார்.

ஒருநாள் அவள் கேட்டாள், "எடுத்த முட்டையை என்ன பண்றீங்க?"

"குப்பையில போட்டுடறேன்."

அவள் மெல்லச் சொன்னாள்.

"பாவங்க. எடுத்த கையோட தூக்கிப் போடாதீங்க. ஒரு கிண்ணத்துல துணி விரிச்சு வச்சிருங்க. வாரத்துக்கு ஒருதடவை மொத்தமாப் போட்டுக்கலாம்."

கண்ணாடிக்காரர் உருகிப்போனார். வீட்டை விட்டே விரட்டிய ஜீவன்கள்மேல் அவளுக்கு இவ்வளவு இரக்கமா? இப்படிப்பட்டவள் எத்தனை நாள் அக்கா வீட்டில் இருந்துவிடுவாள்? அவள் சொன்னபடியே சமையலறை அலமாரியில் கிண்ணம் வைத்தார். வாரம் முடிந்தால் கிண்ணத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே துணியைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில் இறக்குவார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இப்படியெல்லாம் செய்தும்தான் குஞ்சு பொரிந்திருந்தது.

நாற்காலியிலிருந்து இறங்கியவர் நேராகப் பறவைக்கடைக்குப் போனார். உங்கள் முட்டை பொரிந்துவிட்டது என்றார். கடைக்காரர் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"சார், நான் செய்யறது சுண்ணாம்புல. அதுல உயிர் வருதுன்னா நான் ஏன் சார் இந்தத் தகர ஷெட்டுல உக்காந்திருக்கேன்?"

வேறெங்காவது ரகசியமாக முட்டையிட்டு உருட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். கண்ணாடிக்காரர் வீட்டில் இருந்த சந்து பொந்தையெல்லாம் அடைத்தார். பரண் அடைபட்டது. ஜன்னல் மேல்விளிம்பு அடைபட்டது. மனைவியின் புடவை அலமாரியைத் திறந்தபோது அங்கே முட்டையும் இல்லை, புடவையும் அதிகம் இல்லை. ஒரு பெட்டியில் அவ்வளவு புடவை எப்படிப் போயிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பூச்சி அரித்திருக்கும் என்று நினைத்து அந்த அலமாரியையும் அடைத்தார்.

மறுபடியும் குஞ்சுகள் வந்தன. இந்தத் தடவை நாலு பெட்டிகளில்.

சுண்ணாம்பு முட்டைகள் மட்டும் குறைந்துகொண்டே போயின. அவர் திரும்பத் திரும்ப வாங்கப் போனார். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் உழைக்கிற சாமான் அது, நீங்கள் என்ன தின்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார்.

வெறுத்துப் போன கண்ணாடிக்காரர் வேறு வழியில் யோசித்தார். ஒரு கூண்டு என்றுதானே சொன்னாள், எவ்வளவு பெரிய கூண்டு என்று சொல்லவில்லையே. இரும்புப் பட்டறையில் சொல்லி, ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு கூண்டு செய்தார். நாற்காலி, மேஜை எல்லாம் அதற்குள் போய்விட்டன. பறவைகளையும் உள்ளே விட்டார். உடனே போனை எடுத்தார்.

"எல்லாம் ஒரே கூண்டுல அடங்கிருச்சு. நீ வரலாம்."

பக்கத்தில் அவள் அக்கா யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.

"நான் சொன்னது வாசல்ல இருக்கிற அந்தப் பழைய கூண்டுங்க," என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் கூண்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பறவைகள் அவர் தோளிலும் மண்டையிலும் உட்கார்ந்துகொண்டன. பெரிய இடம் கிடைத்த சந்தோஷத்தில் அவை இன்னும் மும்முரமாக முட்டையிட்டன. அன்று அவர் அவற்றோடுகூடப் பேசவில்லை.

மறுநாள் பறவைக்கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் சார், நீங்க வச்ச முட்டை நீங்க வச்சதாவே இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களா?"

நாள் முழுக்க ஊரார் கண்ணுக்குள் டார்ச் அடிக்கிற மனுஷனுக்கு அது மட்டும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அடித்துப் பார்த்தார். சுண்ணாம்பாக இருக்க வேண்டிய முட்டைகளுக்குள் சிவப்பாக நரம்பு ஓடிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டு வைத்திருந்த கிண்ணத்துத் துணியைப் பிரித்தார். உள்ளே அத்தனையும் சுண்ணாம்பு. இவ்வளவு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாட்டை விட்டு, குப்பையில் போட்டது கடைக்காரரின் கைவேலையை.

போன் செய்து கேட்டதும் பறவைக்கடைக்காரர் விளக்கினார். அடை வைக்காத முட்டை ஒரு வாரம் வரை உயிரோடு தூங்கும், யாரோ அதற்குள் எடுத்துத் திரும்ப வைக்கிறார்கள் என்றார். வீட்டுக்குள் வேறு யார் வருகிறார்கள் என்று கேட்டார்.

யார் வருவார்கள்? வீடு பெருக்குகிற அம்மாள் ஒருவர்தான். அவரிடம் ஒரு சாவி உண்டு. எதைக் கேட்டாலும் "ஆச்சு", "வர்றேன்" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டார் என்பதால் கணவனும் மனைவியும் அவருக்கு அரைவார்த்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து சிரித்த கடைசி விஷயம் அதுதான்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் பதறிப்போனாள். "ஐயோ, அவங்களை ஒண்ணும் கேட்டுடாதீங்க. நல்ல மனுஷி. எனக்காக விட்டுடுங்க," என்றாள். அந்தப் பெரிய மனசு அவரை இன்னும் ரோஷப்படுத்தியது. இப்பேர்ப்பட்டவள் வீடு திரும்புவதை ஒருத்தி கெடுப்பதா?

மறுநாள் கடைக்குப் போகாமல் காத்திருந்தார். அரைவார்த்தை அம்மாள் துடைப்பத்தோடு உள்ளே வந்ததும், சேர்த்து வைத்திருந்த கோபத்தையெல்லாம் கொட்டினார். உனக்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டார். என் சம்சாரம் வருவதும் வராததும் இந்த முட்டையில்தான் இருக்கிறது, தெரியுமா என்று கேட்டார். கேட்கும்போதே அழுதுவிட்டார்.

அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்.

"நான் தொடலைங்க சார். அம்மாதான் வாராவாரம் வந்து மாத்திட்டுப் போறாங்க. கிண்ணத்துல இருக்கிறதைப் பெட்டியில வச்சிட்டு, பெட்டியில இருக்கிறதைத் துணியில போட்டுடறாங்க."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். அவள் வருகிறாளா? வாராவாரம் இந்த வீட்டுக்கு வருகிறாளா? முட்டை வீணாகக் கூடாது என்று, குஞ்சுகள் பிழைக்கட்டும் என்று, அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாளா? அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கண்ணைக்கூடத் துடைக்க மறந்து, இதுங்க மேல அவ்வளவு ஆசை வந்துடுச்சா அவளுக்கு, ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

"கேட்டேன் சார்," என்றார் அந்த அம்மாள். "'இதுங்க எல்லாம் அந்தக் கூண்டுக்குள்ள அடங்கிட்டா, சொன்ன சொல்லுக்கு நான் திரும்பி வந்தாகணுமே'ன்னாங்க."