வேவு வந்த அம்மாளுக்கு ஆம்பெரா வரை ஊர் காட்டிய விவரம்

பாலெம்பாங், எட்டாம் உலு,
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்கா நிமாஸ் ஜுவாரியா அவர்களுக்கு, தம்பி கெமாஸ் புர்ஹான் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நானும் மகள் சல்வாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கூரை மட்டும் மழை பெய்யாதவரை சுகம். அவ்விடம் உன் முழங்கால், மச்சானின் இருமல், ஜகார்த்தா வெயில் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் எல்லாம் பலகைச் சுவர். நான் கூடத்தில் பேசினால் சல்வாவுக்குச் சமையலறையில் கேட்கும். அதுவும் போக, நடந்ததை வாயால் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் நீ. பையன் நல்லவன், குடும்பம் நம் பாலெம்பாங் குடும்பம், உன் தெருவிலேயே இருக்கிறார்கள் என்றாய். சரி. போன வாரம் போனில், "இந்த வாரத்துக்குள்ள அவங்க வீட்டு ஆள் ஒண்ணு வரும், புது ரயில்லதான் வரும், நீ கலவரப்படாதே" என்றாய். கலவரப்படாதே என்று யாராவது சொன்னாலே எனக்குக் கலவரம் தொடங்கிவிடும் என்பது உனக்குத் தெரியாதா? ஆள் வரும் என்றால் என்ன அர்த்தம்? மாதிக்! நம் வழக்கத்தை உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ஒரு நடுவயது அம்மாள் முன்பின் தெரியாதவள் போல வருவாள், பெண்ணையும் பெண்ணைப் பெற்றவர்களையும் நோட்டம் விடுவாள், எதையும் நேராகக் கேட்க மாட்டாள். உன்னைப் பார்க்க வந்தவள் நம் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்குமா என்று கேட்டாள். அம்மாவும் வெள்ளந்தியாக, "கொஞ்சம் கரிக்கும், பழகிடும்" என்றாள். அவள் கேட்டது உன் வாயைப் பற்றி என்பது மச்சானுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகல்லவா நமக்குப் புரிந்தது? அந்தத் தப்பை நான் செய்யக் கூடாது. சல்வாவுக்கு முப்பத்தொன்று ஆகிறது. இரண்டு இடம் பேசி முறிந்துவிட்டது. அவள் அம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஒரு ஆள், எனக்கு ஒரே பெண். இதுவும் கைநழுவினால் நான் எந்த முகத்தோடு கப்ருக்குள் போய் அவளைப் பார்ப்பேன்?

ஆகவே திங்கட்கிழமையிலிருந்து விமான நிலைய ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிட்டேன். சல்வாவுக்கு அந்த ரயிலிலேதான் வேலை என்பதால் வருகிற அம்மாள் அவளை அங்கேதானே நோட்டம் விடுவாள்? பயணிகளைப் பார்த்துக்கொள்வது, கதவோரம் நிற்கிறவர்களை உள்ளே தள்ளுவது, விசில் ஊதுவது எல்லாம் அவள் பொறுப்பு. என்னைப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்க என்ன வேலை?" என்றாள். ஏசிக் காற்று வாங்க வந்தேன் என்றேன். ஊரில் பாதிப் பேர் அதற்குத்தானே புது ரயிலில் ஏறுகிறார்கள், அவளும் விட்டுவிட்டாள். காவலாளிதான் விடவில்லை. "யாரை எதிர்பார்க்கிறீங்க பெரியவரே?" என்றான். தெரியாது என்றேன். "எப்போ வருவாங்க?" அதுவும் தெரியாது. "வந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" "பார்க்கிற பார்வையில தெரியும் தம்பி." அதன்பின் அவன் என் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை.

நேற்றுக் காலை வந்தாள். சிவப்பான, உருண்டையான அம்மாள், ஐம்பத்தைந்து இருக்கும், கையில் பெரிய பை, தலையில் பூப்போட்ட துணி. பின்னாலேயே நானும் ரயிலில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சல்வாவை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு சீருடையில என்ன லட்சணமா நிக்குது பாருங்க!" என்றாள். பெயரைக் கேட்டேன். தென்ரி என்றாள், மக்காசாரிலிருந்து தனியாக ஊர் பார்க்க வந்தவளாம். தென்ரியாம்! மக்காசாராம்! வேவு பார்க்க வருகிறவள் சொந்தப் பெயரையா சொல்வாள்? அதுவும் எவ்வளவு தூரத்து ஊராகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் பார். கெட்டிக்காரி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். "ஒவ்வொரு ஸ்டேஷன் பக்கத்துலயும் பார்க்க என்ன இருக்கு, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியுமாவா! "நானே கூட வந்து காட்டறேன்" என்று எழுந்து நின்றுவிட்டேன்.

புந்தி காயுவில் இறங்கிப் பைன் மரக் காட்டுக்குப் போனோம். நல்ல நிழல், நல்ல காற்று, நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். அவள் அண்ணாந்து பார்த்து, "இந்த மரத்துக்கெல்லாம் வயசு நிறைய ஆயிருக்குமே?" என்றாள். அக்கா, முதல் கேள்வியே வயசு! நான் நிதானமாக, "பார்க்கத்தான் அப்படி. முப்பதைத் தாண்டினாதான் மரத்துக்கே உறுதி. இளசா இருக்கிறது ஒரு காத்துக்குத் தாங்காது" என்றேன். "அப்படியா?" என்று தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வந்து அவள் கையிலிருந்த கெம்ப்ளாங் அப்பளப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. விட்டால் பெண்ணைப் பெற்றவன் கையாலாகாதவன் என்று போய்ச் சொல்வாள் அல்லவா? செருப்பைக் கழற்றிக்கொண்டு துரத்தினேன். குரங்கு மரத்தில் ஏறிவிட்டது, நான் வீசிய ஒரு செருப்பும் மேலேயே தங்கிவிட்டது. அவள் அதையெல்லாம் போனில் படம் பிடித்தாள். படம் இந்நேரம் எந்தெந்த வீட்டில் ஓடுகிறதோ.

ஒற்றைச் செருப்போடு திரும்பவும் ரயில் ஏறினால் சல்வா நிற்கிறாள். என் காலைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள், அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். அவள் திட்டாமல் போனால்தான் எனக்குப் பயம். பூமி ஸ்ரீவிஜயாவில் இறங்கி அந்தப் பெரிய வணிக வளாகத்தில் முதலில் எனக்குச் செருப்பு வாங்கினேன், பிறகு வீதியோரம் நம் ஊர் மீன் பணியாரம் பெம்பெக் வாங்கினேன். வெளியே கொளுத்துகிறது. "என்ன இந்த ஊர் இவ்வளவு சூடா இருக்கு?" என்று விசிறிக்கொண்டாள். இது சல்வாவின் கோபத்தைப் பற்றி என்பது குழந்தைக்கும் புரியும். "மத்தியானம் மட்டும்தாம்மா சூடு. சாயங்காலமானா ஆத்துக்காத்து வந்து பூ மாதிரி ஆயிடும். கூடவே இருந்து பழகினவங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்" என்றேன். நல்லாச் சொன்னேன் இல்லையாக்கா? அதோட நிறுத்தியிருக்கணும். எனக்கு நாக்கில சனி.

ரயில்ல ஏறி உக்காந்ததும், விருந்தாளியைப் பசியோட விடலாமான்னு பெம்பெக் பொட்டலத்தைப் பிரிச்சேன். வண்டிக்குள்ள சாப்பிடக் கூடாதுன்னு கதவு மேல எழுதியிருக்கு, தெரியும். ஆனா மாதிக் வந்த அம்மாளை வெறும் வாயோட உக்காரவெச்சாங்கன்னு பேர் வரலாமா? தொட்டுக்கிற சூகோ இருந்த பிளாஸ்டிக் பையோட முடிச்சைப் பல்லால அவிழ்த்தேன். வண்டி ஒரு வளைவு திரும்பிச்சு. பை வெடிச்சிடுச்சு அக்கா. காடி, வெல்லம், பூண்டு, மிளகாய், அத்தனை கறுப்புச் சாறும் அந்த அம்மாள் மடியில, என் சட்டையில, தரையில, எதிர்ல தூங்கிட்டிருந்த ஆபீசர் மாதிரி ஒருத்தர் காலணியில. வண்டி முழுக்கக் காடி வாசனை. சல்வா விசிலை ஊதிக்கிட்டு வந்தா. நான் கண்ணால ஜாடை காட்டறேன், இந்தம்மாதான், இந்தம்மாதான்னு. அவ கண்டுக்கவே இல்லை.

"ஐயா, வண்டிக்குள்ள சாப்பிடக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

பெத்த அப்பனை ஐயாங்கறா!

"தெரியும்மா, இவங்க விருந்தாளி..."

"யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். இந்தாங்க துணி. நீங்க கொட்டினதை நீங்கதான் துடைக்கணும். துடைச்சிட்டு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கோங்க."

பக்கத்தில ஒரு கிழவர், "ஏம்மா, பெரியவரைப் போய்..." என்று இழுத்தார். அவ சொன்னா, "இவரு எங்க அப்பாதான் தாத்தா. வீட்லயும் இப்படித்தான்." வண்டியே சிரிச்சுது. தென்ரியம்மாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம் தன் மடியையே பார்க்காம அவளும் ஒரு துணியை வாங்கி என்கூடக் குனிஞ்சு துடைச்சா. சம்பந்தி வீட்டு ஆளைத் தரை துடைக்கவெச்ச முதல் பாலெம்பாங்காரன் நானாத்தான் இருப்பேன். சிண்டே ஸ்டேஷன்ல இறக்கிவிட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் போயிட்டா என் மக.

அங்கிருந்து வெயிலில் நடந்தே ஆம்பெரா பாலத்தடிக்குப் போனோம். கோட்டை, சுல்தான் அருங்காட்சியகம், பெரிய பள்ளிவாசல் எல்லாவற்றையும் நான் தூரத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டினேன். மூசி ஆற்றோரம் நின்று பாலத்தைப் பார்த்தவள் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "இந்தப் பாலத்தை முன்னேயெல்லாம் நடுவில தூக்குவாங்களாமே. அப்புறம் ஏன் நின்னுபோச்சு?" அந்த இரண்டு சம்பந்தமும் எடுத்து நின்றுபோனது இவளுக்கு எப்படித் தெரியும்? "தூக்கினாங்கம்மா. ரெண்டு தடவை தூக்கினாங்க. நின்னதுக்குப் பாலம் காரணமில்லை. பாலம் அன்னைக்கும் நல்ல பாலம், இன்னைக்கும் நல்ல பாலம்" என்று சொல்லும்போது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். என் தோளைத் தட்டி, "இந்த ஊரை நீங்க இவ்வளவு நேசிக்கிறீங்களே" என்றாள். போகும்போது, "இன்னைக்கு நடந்ததை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். எங்க ஆளுங்ககிட்ட ஒருத்தர் விடாம சொல்லுவேன்" என்றாள். சொல்லுவாளாம் அக்கா! ஒருத்தர் விடாமல்!

நேற்றிரவு சோறு இறங்கவில்லை. சல்வா வேலை முடிந்து வந்து, "சூகோ கறை போச்சாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். அவளிடம் எப்படிச் சொல்வேன், போனது சட்டை மட்டுமல்ல, சம்பந்தமும்தான் என்று? எனவே அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவள் போய்ச் சொல்வதற்குள் நீ பையன் வீட்டுக்குப் போய் ஏதாவது சொல்லிச் சமாளி. எனக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று சொல். பற்றாது என்றால் நான் உன் கூடப் பிறந்த தம்பியே இல்லை, வெள்ளத்தில் வந்து ஒட்டிக்கொண்டவன் என்று சொல். பெண் தங்கம், அப்பன்தான் பித்தளை என்று சொல். கல்யாணத்தன்று நான் வாயைத் திறக்க மாட்டேன், வேண்டுமானால் பந்தலுக்கே வரமாட்டேன் என்றும் சொல். அவளுக்கு அந்த வீடு அமைந்தால் போதும்.

மச்சானுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் ஹலாலான பிழைப்பும் கிடைக்க துஆ. உன் முழங்காலுக்குத் தனியாக ஒரு துஆ, பையன் வீடுவரை நடந்து போக வேண்டியிருக்கிறதே.

இப்படிக்கு,
தூக்கமில்லாத தம்பி,
கெமாஸ் புர்ஹான்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப்போடு. உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் சல்வா வந்து இதை முழுக்கப் படித்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, அந்தம்மா நிஜமாவே மக்காசார்தான். திரும்பிப் போறப்போ என் வண்டியிலதான் ஏறினாங்க. உங்கப்பா மாதிரி பாலத்துக்காக அழற மனுஷனை நான் பார்த்ததில்லைன்னாங்க. மாதிக் பார்க்க யாரும் வரலை, வரவும் மாட்டாங்க. போன மாசம் அத்தை வீட்டுக்குப் போனேனில்ல, அப்பவே நான் பையன் வீட்டுக்குப் போய் அவங்களைப் பார்த்துட்டு வந்துட்டேன், தலைத்துணி விக்கிறவ மாதிரி." நீதான் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டாயாம், துணி மூட்டையைக்கூட நீதான் கட்டிக்கொடுத்தாயாம்! உன்னிடமா அக்கா நான் இவ்வளவு நேரம் அழுதேன்? வருகிற ஆள் பையனின் அப்பாவாம், சோதிக்க அல்ல, இவள் பதிலைக் கேட்க.

என்ன பதில் என்றேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "பையன் நல்லவன்ப்பா, போன்ல பேசிப் பார்த்துட்டேன். ஆனா முடிவு பண்ணினது அவனைப் பார்த்து இல்லை. அவங்க அப்பா இருக்காரே, யாரோ துணி விக்கிறவளுக்கு மூணு தடவை டீ போட்டுக் கொடுத்தார். ரயில்ல வந்தியாம்மா, கதவோரம் நிக்காதேம்மா, வெயில்ல அலையாதேம்மான்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, எங்க பையனுக்கு ஒரு பொண்ணு பார்த்திருக்கோம், அது எங்களை வேணாம்னு சொல்லிடுமோன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைம்மான்னார். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த வீட்ல எனக்குப் புதுசுன்னு ஒண்ணும் இருக்காதுப்பா."

என்னால் அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா, ஒன்று மட்டும் செய். கடிதம் கிடைத்ததும் முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை, உடனே எழுந்து போய் அந்த மனிதரிடம் சரி என்று சொல்லிவிடு. அவர் ரயிலேறி இங்கே வந்து கேட்கும்வரை வைத்திருக்காதே. பாவம், தூங்கட்டும்.