ஜேர்மன் கோடும் கொட்டாஞ்சேனைக் கால்களும்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
19.08.1997

பாசமுள்ள மருமகன் வலன்ரைனுக்கு மாமா ஹெக்டர் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மாமி ஐறீனும் ஆண்டவர் கிருபையாலும் அடையாள அட்டையாலும் சுகமாக இருக்கிறோம். இரண்டில் எது தவறினாலும் சுகத்துக்கு உத்தரவாதம் இல்லை. அங்கே ஜேர்மனியில் நீயும் உன் மனைவி பிள்ளையும் குளிருக்குள் சுகமாக இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறோம். உன் தாயார் நேசம் போன கிழமை வந்து, நீ அனுப்பிய படத்தைக் காட்டி அழுதுவிட்டுப் போனாள். நீ மெலிந்துவிட்டாயாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கழகச் செயலாளர் நவரத்தினத்துக்கு நீ எழுதிய கடிதத்தையும் அதோடு வந்த தாளையும் பார்த்தேன். எனக்கு அனுப்பவில்லை, அவருக்கு அனுப்பியிருக்கிறாய். கலங்கரை விளையாட்டுக் கழகத்துக்கு இருபத்திரண்டு வருடமாகப் பயிற்சியாளன் நான். விசில் என் கழுத்தில் கிடக்கிறது. அவரோ வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்து கூட்ட அறிக்கை எழுதிவிட்டுப் போகிற வங்கிக்காரர். வாழ்க்கையில் ஒரு தடவைதான் அவர் காலில் பந்து பட்டிருக்கிறது, அதுவும் பந்து செய்த பிழை. அவருக்கு நீ எழுதுகிறாய், மாமாவின் ஆட்டம் பழசு, ஆளுக்கு ஆள் பிடித்து விளையாடுவதை உலகம் கைவிட்டுவிட்டது, இனிப் பின்வரிசை நாலு பேரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஆளைத் துரத்தாமல் அவரவர் இடத்தைக் காக்க வேண்டும், எதிராளிக்குப் பந்து போகப்போகிற கணத்தில் ஒருவன் கை உயர்த்த நாலு பேரும் ஒன்றாக முன்னே ஏறி அவனைப் பின்னால் ஓஃப்சைட்டில் விட்டுவிட வேண்டும், இதற்குச் சம்மதித்தால் பதினைந்து ஜேர்சியும் பூட்ஸும் அனுப்புவேன் என்று. நவரத்தினம் கொமிற்றியைக் கூட்டினார். கொமிற்றி ஜேர்சியை மனதில் போட்டுப் பார்த்து, அளவு சரியென்று சம்மதித்துவிட்டது.

"ஹெக்டர் அண்ணை, வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு தோத்தால் நாங்கள் மூண்டாம் டிவிசனுக்கு இறங்கிறம். புது முறையை விளையாடுங்கோ. ஏலாதெண்டால் விசிலைத் தாங்கோ, ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்" என்றார் நவரத்தினம்.

"நான் கோவிப்பன்" என்றேன்.

ஆகவே கேள். உன் முறை நல்லதா கெட்டதா என்று நான் வழக்காடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்பதே என் வழக்கு. நான் புத்தகம் படித்து ஆட்டம் கற்றவனல்ல. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டினேன். கரைக்கு இறங்கிய கப்பல்காரரோடு விளையாடித் தோற்று, ஏன் தோற்றோம் என்று மறுநாள் கிரேன் உச்சியில் உட்கார்ந்து யோசித்து யோசித்துக் கற்றேன். மேலேயிருந்து பார்த்தவனுக்குத்தான் மனிதர் எப்படி ஓடுகிறார்கள் என்று தெரியும்.

முதலில் ஒஸ்வால்ட்டை எடுத்துக்கொள். வயது முப்பத்தெட்டு, எடை பற்றி எழுதவில்லை. பதினேழு வருடமாக எல்லாருக்கும் பின்னால் கடைசி ஆளாக நின்று, முன்னால் உள்ளவர்கள் விட்டதையெல்லாம் பொறுக்குகிறவன். பஸ்ஸில் கடைசியாக ஏறுவான், பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கடைசியாகப் போவான். அவனை முன்னே ஏறு என்றால், "நானும் ஏறினாப் பின்னுக்கு ஆர் அண்ணே பாக்கிறது?" என்கிறான். உன் தாளில் இதற்குப் பதில் தேடினேன். இல்லை.

இரண்டாவது, பேலியகொடை மீன் சந்தையில் கூடை சுமக்கிற இருளப்பன். ஒரு ஆளைக் காட்டி இவனைப் பிடி என்றால் மாதா வந்து கேட்டாலும் விடமாட்டான். போன வருடம் அவன் பிடித்த ஆள் காலில் அடிபட்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். இருளப்பனும் ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்து போய்விட்டான். நான் கோட்டருகில் நின்று கத்தினேன். "நடிக்கிறான் அண்ணே! நான் இந்தப் பக்கம் திரும்பினா எந்திரிச்சு ஓடிருவான்!" என்று அங்கிருந்து கத்துகிறான். இப்படிப்பட்டவனிடம் ஆளை விடு, இடத்தைக் காவல் செய் என்றேன். "இடம் எங்க அண்ணே ஓடிறப் போகுது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

மூன்றாவது, ஜம்பட்டா வீதித் தையல்காரன் றொபேட். சுற்றிவளைப்பில் பொலிஸ் நாலு தடவை அள்ளிக்கொண்டு போன பிள்ளை. ஜேர்சியில் பை இல்லாததால் அடையாள அட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டுதான் விளையாடுவான். விசில் கேட்டால் அவன் கை தானாகக் காலுறைக்குப் போகும். ஒரு தடவை இவன் தள்ளியதற்கு நடுவர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். இவன் அட்டையை எடுத்துப் பணிவாக நீட்டினான். நடுவரும் பதிலுக்குத் தன் அட்டையை எடுத்து நீட்டினார். அது மஞ்சள். இந்த முறையிலோ நிமிடத்துக்கு ஒரு ஓஃப்சைட், ஒரு விசில். பிள்ளை குனிந்து நிமிர்ந்தே களைத்துவிடும்.

நாலாவது பற்றிக். அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதுதான் அவன் குறை.

இருந்தாலும் கொமிற்றி சொன்னதால் வெள்ளிக்கிழமை பயிற்சியில் செய்து பார்த்தேன். கை உயர்த்தினேன். ஒஸ்வால்ட் நின்ற இடத்தில் நின்றான். இருளப்பன் ஆளோடு போனான். றொபேட் குனிந்தான். பற்றிக் மட்டும் முன்னே ஏறினான், ஏறியவனை ஒருவரும் கவனிக்கவில்லை.

இத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் முறையாகச் சொல்லிக்கொடுக்காமல் பொருந்தாது என்று சொன்னான் என்று நாளைக்கு நவரத்தினம் அறிக்கையில் எழுதக்கூடாது. அதனால் உன் தாளிலேயே பிள்ளைகளுக்கு விளங்கத் தமிழில் குறிப்பு எழுதினேன். எங்கள் மைதானத்தின் ஒரு கோல் துறைமுகத்தைப் பார்த்தது, மற்றது கோயிலைப் பார்த்தது என்பது உனக்குத் தெரியும். நீயும் அந்தப் புழுதியில் உருண்டவன்தான். துறைமுகப் பக்கம், கோயில் பக்கம் என்றுதான் நாங்கள் எப்போதும் சொல்வது. ஆகவே எழுதினேன்: "ஞாயிறு நாலு மணி. முதலில் துறைமுகப் பக்கம். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். சத்தம் போடக்கூடாது, கை மட்டும். ஒருவன் பிந்தினாலும் எல்லாரும் முடிந்தோம்." எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனேன்.

நீ வெளிநாடு போய் ஒன்பது வருடம். இப்போது பாண் கடைக்கு முன்னால் ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது.

என் பையைத் தடவிய பொலிஸ் பொடியன் தாளை விரித்தான். உன் கையெழுத்தில் சிவப்பு அம்புக்குறிகள், வட்டங்கள், பெருக்கல் அடையாளங்கள். மேலே இங்கிலிஷில் 'ட்ராப்', அதாவது பொறி, என்று கொட்டை எழுத்து. கீழே என் தமிழ்.

"மேக்க மொக்கத அங்கிள்?" என்றான். இது என்னவாம்.

"ஃபுட்போல் மல்லி" என்று தம்பி முறை வைத்துச் சொன்னேன்.

அவன் தமிழ் தெரிந்த இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் வாசித்தான். துறைமுகம் என்ற சொல்லில் நின்றான். மறுபடி முதலிலிருந்து வாசித்தான். பிறகு பொடியன் என்னை அங்கிள் என்று கூப்பிடவில்லை.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதமாட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் எத்தனை கண் பார்க்குமோ தெரியாது. சுவரோரம் கிடந்த பலகை வாங்கில் இருத்தினார்கள். ஐறீன் பொலிஸ் பதிவுத் துண்டு, ஞானஸ்நானச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், நான் 1974இல் ஆடி வென்ற வெள்ளிக் கிண்ணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பெரியவர் ஒரு இன்ஸ்பெக்டர். அவரிடம், "மாத்தயா, இந்த மனுசன் கலியாணம் கட்டின நாள் துவக்கம் சோத்துக் கோப்பையிலயும் விரலால கோடு கீறுது. எனக்கு உதவாத மனுசன், வேற ஆருக்கு உதவப்போகுது?" என்று சிங்களமும் தமிழும் கலந்து அழுதாள். அது எனக்கு ஆதரவாகச் சொன்னதாம்.

இன்ஸ்பெக்டர் தாளை மேசையில் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தார். தானும் பள்ளிக்கூடத்தில் கோல் காத்தவன் என்றார். "ஃபுட்போல் என்றால் விளக்கிச் சொல்லு பார்க்கலாம்" என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், உனக்காக அல்ல, வீட்டுக்குப் போவதற்காக, விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சொல்கிறார்: "இது சரிவராது அய்யே. நாலு பேரும் முன்னால் வந்தால் பின்னால் வெளி கிடக்கிறதே? ஒருவன் ஓடினால் கோல்தானே?"

மருமகனே, அது என் கேள்வி. ஒரு மாதமாக நவரத்தினத்திடம் நான் கேட்கிற கேள்வி, சொல்லுக்குச் சொல். ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே தேத்தண்ணி தந்து அனுப்பியிருப்பார். ஆனால் பந்தைக் கையால் பிடித்துப் பழகிய ஒருவர், நான் வாங்கில் கைதியாக இருக்கும்போது, எனக்கு ஆட்டம் சொல்லித் தருவதா? எனக்கு வந்த கோபத்தில், "ஏன் சரிவராது? நாலு ஆளைத் தாருங்கள், காட்டுகிறேன்!" என்று எழுந்துவிட்டேன். ஐறீன் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோப்பா, விடப்போறாங்கள், வாயைப் பொத்துங்கோ!" நான் இருக்கவில்லை.

முற்றத்தில் நாலு கான்ஸ்டபிள்களைக் கோட்டில் நிறுத்தினேன். பாண் கடையடியில் என்னைப் பிடித்த பொலிஸ் பொடியனை எதிராளியாக்கினேன். பந்துக்குப் பதில் ஒரு தொப்பி. கை உயர்த்தினேன். ஐயோ மருமகனே, என்ன சொல்ல! நாலு பூட்ஸும் ஒரே சத்தத்தில் முன்னே விழுந்தன. பொடியன் பின்னால் தன்னந்தனியாக நின்று திருதிருவென விழித்தான். ஓஃப்சைட்! மறுபடி செய்தோம். ஓஃப்சைட்! ஆறு தடவை செய்து ஆறு தடவையும் ஓஃப்சைட். இன்ஸ்பெக்டர் தானே கோலில் வந்து நின்றார். பன்னிரண்டு மணிக்கு எங்களை ஜீப்பில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். தாளை மட்டும் தரவில்லை. பொலிஸ் டீமுக்குப் பயன்படுமாம்.

இதிலிருந்து நீ அறிய வேண்டியது என்ன? உன் முறைக்குத் தேவை சொன்னவுடன் ஒன்றாகக் கால் வைக்கிற நாலு பேர். அப்படிப்பட்ட நாலு பேர் பொலிஸில் இருக்கிறார்கள், கலங்கரை கழகத்தில் இல்லை. நாற்பத்தெட்டு வருடம் பந்து பார்த்தவன் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆளுக்கு ஆள் பிடித்தே விளையாடுவோம். உன் ஜேர்சி எங்களுக்கு வேண்டாம். பழைய ஜேர்சியில் இலக்கம்தான் அழிந்திருக்கிறது, ஆட்கள் அழியவில்லை. விசிலை நான் தரமாட்டேன் என்று நவரத்தினத்துக்கும் தனியே எழுதியிருக்கிறேன்.

மாதாவின் பாதுகாவல் உன் குடும்பத்தின் மேல் இருப்பதாக. பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடு. தாய்க்கு மாதம் ஒரு கடிதம் எழுது. செயலாளர்மாருக்கு எழுதாதே.

இப்படிக்கு,
தன் முடிவில் மாறாத உன் மாமா,
ஹெக்டர்

பி.கு.: 25.08.97. மெச் முடியட்டும், பிறகு தபாலில் போடலாம் என்று ஐறீன் தடுத்ததால் கடிதம் இன்னும் மேசையில் கிடக்கிறது. நேற்று முதல் பாதியில் ஆளுக்கு ஆள் பிடித்தோம். பூச்சியத்துக்கு இரண்டு என்று பின்னால் நின்றோம். இடைவேளையில் நவரத்தினம் எல்லாருக்கும் முன்னால் விசிலுக்குக் கை நீட்டினார். நான் கழற்றவில்லை. அப்போது றொபேட் எழுந்தான்.

"அண்ணை, பொலிசுக்குப் பழக்கினீங்களாமே, அதை எங்களுக்கும் விடுங்கோ."

"உங்களுக்கு லைன்ல நிக்க வராதடா."

"எங்களுக்கா? லைன்ல நில் எண்டால் நிண்டு, முன்னுக்கு வா எண்டால் வந்து, பதினாலு வருசமா வேற என்ன அண்ணை செய்யிறம்? எங்கட லேனில பிடிச்ச அண்டைக்கு ஒஸ்வால்ட் அண்ணைதான் முன்னுக்கு நிண்டவர். கேட்டுப் பாருங்கோ."

ஒஸ்வால்ட் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டு, "அண்டைக்குப் பின்னுக்குப் பாக்க விடேல்லயே" என்றான்.

"செய்யுங்கோடா" என்றேன்.

இரண்டாம் பாதியில் கை காட்டியது ஒஸ்வால்ட். நாலு பேரும் ஒரு கால்போல ஏறினார்கள். எதிராளி ஒன்பது தடவை ஓஃப்சைட். இருளப்பன் தன்னைத் துரத்தாமல் விட்டதைக் கண்டு அவன் பிடித்த ஆளுக்கே பயம் பிடித்துவிட்டது. றொபேட்டின் கை விசிலுக்கு விசில் காலுறைக்குப் போனது, கால் மட்டும் கோட்டை விட்டு அசையவில்லை. முன்வரிசை ஒரு கோல் போட்டது, மற்றதைப் பற்றிக் போட்டான். இனி அவனைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டுக்கு இரண்டு. நாங்கள் இறங்கவில்லை. விசில் என் கழுத்தில்.

ஆனாலும் இது ஜேர்மன் முறை என்று நீ அங்கே யாரிடமும் சொல்லித் திரியாதே. ஜேர்சியைப் பதினாறாக அனுப்பு, ஒன்று ஒஸ்வால்ட்டின் அளவுக்கு மிகப் பெரிதாக. தாள் மட்டும் இன்னொன்று அனுப்ப வேண்டாம். சோதனைச்சாவடியில் யாருக்கும் கரைச்சல் வேண்டாம். முறை எனக்கு மனப்பாடம்.