உள்ளளவும் வெளியளவும்

"உள்ளளவு அரை இன்ச்சா, வெளியளவு அரை இன்ச்சா, சார்?"

"அரை இன்ச்னா அரை இன்ச்தான் பாப்பா. அதுல என்ன உள்ளே வெளியே?" என்றார், முழங்கால் வரை நனைந்து வந்தவர். "சமையலறைக் குழாய்க்கு அடியில வர்ற பிளாஸ்டிக் டியூப். சீக்கிரம் குடு, வீட்டுல தண்ணி ஓடுது."

பைப் கடையில் அவளுக்கு அன்று முதல் நாள். எதை எடுத்தாலும் இரண்டு முறை அளந்ததால் முதலாளி காலையிலேயே 'டேப்பு' என்று பெயர் வைத்துவிட்டார். வெளியே கிளம்பும்போது நிபந்தனையும் வைத்தார்: "நான் ஆறு மணிக்கு வரும்போது ஒரு சாமான்கூடத் திரும்பி வந்திருக்கக் கூடாது. வந்திருந்தா நாளைக்கு நீ வர வேண்டாம்."

டேப்பு உள்ளளவு அரை இன்ச்சில் ஒரு மீட்டர் வெட்டிக் கொடுத்தாள்.

கால் மணி நேரத்தில் அந்த நனைந்த மனிதர் டியூபோடு திரும்பி வந்தார். இடுப்பு வரை ஈரம்.

"லொடலொடன்னு இருக்கு. கழண்டு வந்து மூஞ்சியில அடிக்குது."

"திருப்பித் தர்றீங்களா சார்?" என்று கேட்டு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இறுக்கிப் பிடிக்க ஏதாவது குடு."

ஒரு கிளிப் கொடுத்தாள். அடுத்த முறை டியூப் இரண்டு துண்டாக வந்தது.

"நல்லாத்தான் இறுக்கினேன்," என்றார் பெருமையாக.

துண்டுகளைச் சேர்க்க ஒரு ஜாயிண்ட் கொடுத்தாள். மூன்றாவது முறை அவர் சட்டைப்பையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"முன்னாடி ஒரு இடத்துல ஒழுகுச்சு. இப்ப நாலு இடத்துல. பூனை பீரோ மேல ஏறிடுச்சு. போதும்மா, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ."

மணி ஐந்தேகால். மேஜை மேல் கிடந்த டியூபையும் கிளிப்பையும் ஜாயிண்டையும் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. தன் மேல்தான் தப்போ?

"மெயின் வால்வை மூடிட்டுத்தானே மாட்டுனீங்க?"

அவர் யோசித்தார். "அதை மூடலாமா?"

டேப்பு எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டாள். அவர் வீட்டில் கழற்றி இடுப்பில் செருகியிருந்த பழைய டியூபை வாங்கி அளந்தாள். வெளியேதான் அரை இன்ச். உள்ளே அதைவிடக் குறைவு. அதே அளவில் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டு, பக்கத்துக் கடை அக்காவிடம் கடையை ஒப்படைத்துவிட்டு அவரோடு ஓடினாள்.

வீட்டில் ஒரு பெண்மணி சாப்பாட்டு மேஜை மேல் காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தார்.

டேப்பு வால்வை மூடினாள். டியூபின் நுனியை வெந்நீரில் முக்கி இளக்கி, குழாயின் நாசில் முனையில் ஏற்றி, கிளிப்பை அளவாக இறுக்கினாள். வால்வைத் திறந்து, காகிதத்தால் சுற்றிலும் ஒற்றிப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இன்னொரு முறை ஒற்றினாள். காய்ந்தே இருந்தது. மிச்சத் துண்டுகளையும் ஜாயிண்டையும் மறக்காமல் அங்கேயே வைத்தாள். இனி எதுவும் கடைக்குத் திரும்பாது.

"வெந்நீர்ல முக்கினா இளகுமா?" என்று அவர் வாய் பிளந்தார்.

பெண்மணி மேஜையிலிருந்து இறங்கினார்.

"இனிமே என் வீட்டுல எது ஒழுகினாலும் நீங்க வராதீங்க. இந்தப் பொண்ணையே அனுப்பிடுங்க, பிளம்பர் சார்."