சீர்த்தட்டு குறைந்ததால் நான் எழுந்து போகவில்லை

வடிவுடையம்மன் துணை

திருவொற்றியூர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அருள்பிரகாசம் அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளை திலீப்பின் தகப்பன் சுப்பராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பட்டம்மாளும் சுகம். அங்கே உங்கள் வீட்டம்மா தங்கச்சி மலரும், நிறைமாதமாக இருக்கும் மருமகள் மாயாவும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளத்தான் பார்த்தேன், வாய் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கை தவறிக் குடும்ப குரூப்புக்குப் போய்விடும் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

ராயபுரத்தில் உங்கள் வீட்டு மாடியில் நடந்த வளைகாப்பிலிருந்து நான் பாதியில் எழுந்து வந்தது உண்மை. மாயா வளையல் கையை நீட்டி, "மாமா, சாப்ட்டு போங்க மாமா" என்று கூப்பிட்டதும், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கியதும் உண்மை. ஆனால் சீர்த்தட்டு குறைந்துவிட்டதென்று நான் கோபித்துக்கொண்டு போனதாக வண்ணாரப்பேட்டை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறீர்களே, அது என்ன நியாயம்? தட்டை எண்ணுகிற வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. திலீப் வந்தான், வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. "தட்டுக்காவ எந்திரிச்சு வந்துட்டியே நைனா! அந்தப் பொண்ணு அழுதுகினே கீது. எந்த மூஞ்ச வெச்சுகினு நான் அந்த வூட்டுக்குப் போவேன்?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போனான். பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடிய காரணமாக இருந்தால்தானே சொல்வதற்கு?

அந்தக் காரணத்தை இப்போது சொல்லித் தொலைக்கிறேன். எனக்கு புராஸ்டேட் ஆபரேஷன் ஆனபோது சாத்துக்குடியோடு வந்து பார்த்தீர்கள். ஆபரேஷன் சக்சஸ் என்று டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு தும்மினால் கசியும், இருமினால் கசியும், நாற்காலியிலிருந்து எழுந்தால் கசியும் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். என் காதில் சக்சஸ் மட்டும்தான் விழுந்தது. எண்ணூரில் ஆயுசெல்லாம் பைப் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒரு வால்வு சொட்டினால் சூப்பர்வைசர் முதல் மேனேஜர் வரை ஓடி வருவார்கள். எனக்குச் சொட்டியபோது ஆலோசனைதான் ஓடி வந்தது. கூட வேலை பார்த்த மஜீதிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "வயசானா எல்லாருக்கும் இப்டித்தான் மாமு, கண்டுக்காத வுடு" என்றான். உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, அடிக்கடி பாத்ரூம் போகிறது என்று மட்டும்தான் டீக்கடையில் சொன்னேன். உடனே பெரிய வைத்தியர் மாதிரி, "தண்ணிய கம்மி பண்ணுங்க சம்பந்தி. மேல ஊத்தாங்காட்டி கீழ எப்டி வரும்?" என்றீர்கள். பெரிய மனிதர் வாக்கு என்று நம்பி நானும் குறைத்தேன். நாக்கு வறண்டது, சிறுநீர் கஷாயம் மாதிரி ஆகி எரிந்தது, அவசரம் முன்னைவிட அதிகமானது, மலச்சிக்கல் வந்தது, முக்கினால் அதற்கும் கசிந்தது. அப்புறம் போனில் ஒருத்தன் வீடியோ போட்டான்: போய்க்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்து, விடு, மறுபடி நிறுத்து, அதுதான் பயிற்சி என்று. தினமும் நிறுத்தினேன். சிறுநீரில் கிருமி தங்கிக் காய்ச்சல் வந்து படுத்ததும் டாக்டர் அதற்கும் திட்டினார். சரி, எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்போம் என்று நானாக முடிவு செய்து, வயிறு, பிட்டம், பல், மூச்சு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால் கண்டக்டர் பயந்துபோய், "பெர்சு, நெஞ்சு வலியா? வண்டிய ஓரம் கட்டச் சொல்லவா?" என்கிறான்.

வளைகாப்பு அன்றைக்கும் அப்படித்தான். காலையிலிருந்து உங்கள் வைத்தியப்படி ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உங்கள் சமையல்காரர் மிளகாயைத் தாளித்த நெடி மாடிக்கு ஏறியது. எனக்குத் தும்மல் வந்தது. ஒன்றோடு நிற்கவும் இல்லை. வெள்ளை வேட்டி, சம்பந்தி. சுற்றிலும் பெண்கள். துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு நான் படி இறங்கிய வேகத்தைத்தான் நீங்கள் கோபம் என்று ஊருக்குச் சொல்கிறீர்கள்.

அதற்குப் பிறகு பட்டம்மாள் என்னைப் பெரம்பூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். சுவரெல்லாம் கர்ப்பிணிப் பெண்கள் படம். இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று நான் எழுந்தேன். எழில்மொழி என்று ஒரு பெண், வியாசர்பாடிக்காரி, மாயா வயதுதான் இருக்கும், கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "உக்காருங்க நைனா. இடுப்பெலும்புக்குக் கீழ தொட்டில் மாதிரி ஒரு தசை தாங்கிப் புடிச்சினு கீது. பொம்பளைக்கும் கீது, ஆம்பளைக்கும் கீது. உங்களுக்கு ஆபரேஷன்ல அது தளர்ந்துபோச்சு, அவ்ளோதான்" என்றாள். நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாள் முச்சூடும் இறுக்கினா அது களைச்சுப் போவாதா? மூச்ச அடக்கக் கூடாது, வயித்த எக்கக் கூடாது. கொஞ்ச நேரம் புடிக்கணும், அப்புறம் முழுசா வுடணும். வுடறதும் பயிற்சிதான். தண்ணிய ஒழுங்கா குடிங்க" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. அவள் சொன்னபடி செய்து வருகிறேன். முழுக்க நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருக்கிறது. இப்போது பயமில்லாமல் தும்முகிறேன்.

ஆகவே சம்பந்தி, பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வருவேன். பேரனோ பேத்தியோ என் கையிலும் ஒருமுறை கொடுக்கப்பட வேண்டும். அதற்கு முன்னால் மாயாவிடம் நீங்களே உங்கள் வாயால், தட்டுக் கதை பொய் என்று சொல்லிவிடுங்கள். உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டாம், மயக்கம் என்று சொல்லுங்கள். அதுவரை உங்கள் வீட்டில் ஒரு டம்ளர் காபிகூட என் தொண்டையில் இறங்காது.

மாயாவுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், தாயும் பிள்ளையும் நூறு வயது வாழட்டும். தங்கச்சி மலருக்கு என் அன்பு. உங்களுக்கு முறைப்படி வணக்கம்.

இப்படிக்கு,
சுப்பராயன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் பட்டம்மாள் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், நீ எந்திரிச்சுப் போன சேரு ஈரமா கீதுன்னு அந்த மன்சன்தான்யா மொதல்ல பாத்தாரு. ஒரு சொம்புத் தண்ணிய அவரே அது மேல கொட்டிட்டு, கை தவறிடுச்சுன்னாரு. ஏன் போனாருன்னு எல்லாரும் கேக்க சொல்ல, எங்க தட்டு பத்தல, அதான் கோபம்னு தன் மானத்த வித்து உன் மானத்தக் காப்பாத்தினாரு" என்றாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு என் கிட்ட சத்தியம் வாங்கினது யாரு?" என்றாள். அதோடு விடவில்லை. நீங்களே ரொம்ப காலமாகப் பையில் மாற்று வேட்டி ஒன்று வைத்துக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறீர்கள் என்று தங்கச்சி மலர் அவளிடம் சொல்லி அழுததாம்.

இவ்வளவு திட்டி எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை, அப்படியே அனுப்புகிறேன். எழில்மொழியிடம் உங்களுக்கும் வியாழக்கிழமை காலைக்கு நேரம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் ராயபுரம் வந்து அழைத்துப் போகிறேன். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், சம்பந்தி.