சறுக்காத வண்டியைச் சறுக்க வைத்தேன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச வருஷத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். அண்ணா சாலையில் நேராகப் போகிற இந்தக் கை, காகிதத்தில் மட்டும் குடித்தவன் மாதிரி தள்ளாடும். எந்த இடத்தில் எந்த 'ள' என்பதும் எனக்குக் குத்துமதிப்புதான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். "நைனா, அந்த வண்டி கதைய ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கினு கீறாங்க. ஓட்டுனது நீ. நீயே எழுதிடு" என்று என் மகள் புவனா நோட்டு வாங்கிக் கொடுத்ததால் எழுதுகிறேன்.

நான் அதிகம் பேசாதவன். கடையில் அழுகின தக்காளியைப் போட்டால்கூட வாயைத் திறக்காமல் வாங்கி வந்துவிடுவேன் (திருப்பிக் கொடுக்க என் மனைவி சரசா போவாள்). இப்படிப்பட்ட ஆளுக்குள் ஒரு பெரிய கர்வம் ஒளிந்திருந்தது. மழையில் என்னைப் போல் வண்டி ஓட்ட மயிலாப்பூரிலேயே ஆள் கிடையாது என்பதுதான் அது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மனதுக்குள் தினமும் சொல்லிக்கொள்வேன்.

மயிலாப்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் பல வருஷமாக வேலை செய்கிறேன். அவர்களுடைய பழைய கார், ஈரத்தைக் கண்டால் எருமை மாதிரி பின்பக்கத்தை ஒதுக்கும். நான் மணிக்கட்டை லேசாகத் திருப்பி அதைத் திரும்பக் கொண்டுவருவேன். பின்சீட்டில் டாக்டரம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் பெருமை.

அந்தக் காரை விற்றுப் புதுசு வாங்கினார்கள். கடைக்காரப் பையன் என்னை ஓரமாக அழைத்து விளக்கம் சொன்னான். "அண்ணே, இதுல ஈ.எஸ்.சி. இருக்கு. வண்டி சறுக்கப் பாத்தா அதுவே கண்டுபிடிச்சு, எந்தச் சக்கரத்துக்கு வேணுமோ அதுக்கு மட்டும் பிரேக் போடும். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்."

ஒண்ணுமே பண்ண வேணாமாம். பாதி வாழ்க்கை முடிந்த பிறகு சொல்கிறான்.

ஒரு பட்டனையும் காட்டினான். அதில் ஒரு கார் படம், கீழே நெளிநெளியாக இரண்டு கோடு. "சில பேருக்குத் தானே ஓட்டணும்னு ஆசை இருக்கும். அவங்க இதை மூணு செகண்ட் அமுக்கினா ஆஃப் ஆயிடும். நீங்க தொடாதீங்க."

முதல் மழையிலேயே அதன் வேலையைப் பார்த்தேன். அடையாறு பாலத்தை விட்டு இறங்கித் திரும்பும்போது வண்டி லேசாக ஒதுங்கியது. என் மணிக்கட்டு அசைவதற்குள் டாஷ்போர்டில் அந்த நெளிக்கோட்டு விளக்கு மினுக்கியது. வண்டி நேராகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவன் கை நீட்டும்முன் யாரோ ஊட்டிவிட்ட மாதிரி அவமானமாக இருந்தது. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் வேறு, "இன்னா மச்சி, உன் வண்டிக்கு டிரைவரே வேணாமாமே, நீ சும்மா காத்து வாங்கத்தான் போறியா?" என்று ஓட்டினார்கள்.

அன்றிலிருந்து டாக்டரம்மா இறங்கியதும் பட்டனை அமுக்கிவிடுவேன். வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அது தானாக ஆன் ஆகிவிடும். நான் மறுபடி அமுக்குவேன். மாமியாரும் மருமகளும் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவே இல்லை.

இந்த நேரத்தில்தான் புவனாவின் கல்யாணப் பேச்சு வந்தது. அவள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கூட வேலை செய்கிற சதீஷைப் பிடித்துப்போனது. அவனுக்கும் அப்படியே. எங்களுக்குச் சம்மதம். பையனின் அப்பா மாணிக்கம்தான் பாக்கி. வடபழனி டெப்போவில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"டிரைவர் வூட்டுப் பொண்ணா? அப்ப ஜாதகம்லாம் வேணாம். அந்த ஆளையே வண்டி எடுத்துக்கினு வந்து எங்களைப் பொண்ணு பாக்கக் கூட்டிக்கினு போவச் சொல்லு. ஓட்டுறதப் பாத்தாலே குடும்பம் இன்னா குடும்பம்னு சொல்லிடுவேன்."

புவனா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். வாயால் பேசச் சொல்லாமல் ஸ்டியரிங்கால் பேசச் சொல்கிறாரே!

டாக்டரம்மா சாவியைக் கொடுத்தார்கள். "ஏழுமலை, வண்டியை எடுத்துண்டு போ. மழையா இருக்கு, நிதானமா ஓட்டு. நல்ல சேதியோட வா."

வடபழனியில் மாணிக்கம் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றார். முன்சீட்டில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் என் கால்களைப் பார்த்தார். அவர் மனைவி பின்னால் ஏறினார். நான் வணக்கம் சொல்ல வாயைத் திறந்து, காற்று மட்டும் வர, பட்டனை அமுக்கினேன். பரீட்சையில் பிட் அடித்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

தி.நகர் வரை ஊர்ந்தோம். ஒரு நத்தைகூட அந்த நெரிசலில் நல்ல பேர் வாங்கிவிடும். நந்தனம் சிக்னல் தாண்டியும் மாணிக்கம் என் கால்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்குத் திறமை காட்ட ரோடு வேண்டியிருந்தது. அப்போது பின்சீட்டிலிருந்து அந்தம்மா, "கடலைப் பாத்து எவ்ளோ நாளாவுது" என்றார். தெய்வமே பேசியது போல இருந்தது. வண்டியைக் கடற்கரைப் பக்கம் விட்டேன்.

நொச்சிக்குப்பம் ரோடு காலியாக இருந்தது. மழை விட்டிருந்ததால் கண்ணாடிகளை இறக்கச் சொன்னார்கள். வேகத்தைக் கூட்டினேன். இந்த வளைவில் என் மணிக்கட்டைக் காட்டிவிடலாம் என்று திருப்பினேன். ரோட்டில் மணல், அதன்மேல் மழை, அதன்மேல் மீன் கழுவின தண்ணீர். அந்த நேரம் பார்த்து ஒரு பூனை, வாயில் மீனோடு குறுக்கே ஓடியது.

ஸ்டியரிங்கை ஒடித்தேன். பிரேக்கை மிதித்தேன். பின்பக்கம் கிளம்பியது. என் பேர்போன மணிக்கட்டைத் திருப்பினேன். அது பழைய காருக்குப் பழகிய மணிக்கட்டு. புது வண்டி அதை மதிக்கவில்லை. கடல் ஒருமுறை வலதுபக்கம் வந்தது, பிறகு எதிரே வந்தது, பிறகு இடதுபக்கம் போனது. அந்தக் கம்ப்யூட்டர் நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் போடுமாம். எனக்கு இருப்பதோ ஒரே ஒரு பிரேக், அதை மிதிக்க ஒரே ஒரு கால்.

டொப்பென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் அடியில்லை. பூனைகூடப் பத்திரமாக மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஆளில்லாமல் இருந்த ஒரு நீலத் தொட்டியை மட்டும் வண்டி தட்டியிருந்தது. அதிலிருந்த தண்ணீரும் நெத்திலியும் திறந்த ஜன்னல் வழியாக நேராக மாணிக்கத்தின்மேல். சட்டைப் பையிலிருந்து ஒரு நெத்திலி எட்டிப் பார்த்தது.

கொஞ்சம் தள்ளிக் கடை போட்டிருந்த மீன்காரம்மா ஓடி வந்தார். "யோவ்! கண்ணு இன்னா பொடனிலயா கீது? ரோட்ல ஓட்டுறியா, ராட்டினம் சுத்துறியா?"

பின்சீட்டு அம்மா எனக்காகப் பேசினார். "அவர் இன்னா பண்ணுவாரு? பூனை வந்துச்சு. ரோடெல்லாம் மீன் தண்ணி. யாரா இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும்."

"ஆமாம்மா, என் தண்ணி மேல போடு பழிய!"

மாணிக்கம் பையிலிருந்த நெத்திலியை இரண்டு விரலால் எடுத்து வெளியே விட்டார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "ரோடுதான் சரியில்ல. அப்டித்தானே, டிரைவரே?"

'ஆமாங்க' என்ற ஒரு வார்த்தை போதும். புவனாவின் கல்யாணம் நடக்கும். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் பேசவேண்டியதைப் பேசாமல் விழுங்கிய எனக்கு, அன்றைக்குப் பார்த்து விழுங்க வரவில்லை.

"இல்லீங்க. ரோட்டு மேல தப்பில்ல, பூனை மேலயும் தப்பில்ல. சறுக்காம இருக்க இதுல ஒரு பட்டன் கீதுங்க. உங்களாண்ட சீன் போடணும்னு நான்தான் அதை ஆஃப் பண்ணேன். வடபழனியிலயே பண்ணிட்டேன்."

என் வாழ்க்கையிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவர் பட்டனைப் பார்த்தார். "இப்ப ஆன் பண்ணு" என்றார். செய்தேன். மீன்காரம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். "வண்டியத் திருப்பு. மெதுவா." திருப்பினேன். அதன்பிறகு எங்கள் வீடு வரும்வரை வண்டிக்குள் நெத்திலி வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை. எல்லாம் முடிந்தது, மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வாசலில் சரசா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பின்னால் பட்டுப்புடவையில் புவனா. மாணிக்கத்தின் கோலத்தைப் பார்த்ததும் சரசா தட்டைக் கீழே இறக்கிவிட்டாள். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"அம்மா, டெப்போல நான் பாக்காத டிரைவர் இல்ல. இடிச்சிட்டு வர்றவன் மழைம்பான், ஆட்டோம்பான், நாய்ம்பான். என் தப்புன்னு ஒருத்தன் சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா அப்டியே நின்னுக்கினு கீற? நல்லதா ஒரு வேட்டி இருந்தா குடு, சம்பந்தி."

சம்பந்தி! நான் உள்ளே ஓடினேன். வேட்டி எடுக்கத்தான் ஓடினேன். ஆனால் பீரோவைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுதேன். (எடுத்து வந்தது வேட்டி இல்லை, சரசாவின் பாவாடை என்று பிறகுதான் தெரிந்தது.)

மறுநாள் வண்டியில் எத்தனை ஊதுபத்தி கொளுத்தியும் பயனில்லை. டாக்டரம்மா ஏறி, மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். "ஏழுமலை, எங்காத்துல யாரும் மீன் சாப்பிடறதில்லையே. இந்த வண்டி எப்போலேர்ந்து ஆரம்பிச்சுது?"

எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது என்றுதான் நினைத்தேன். அவர்கள் பெருமூச்சு விட்டார்கள். "எங்கிட்ட வர்ற பிரஷர் பேஷண்ட் பாதிப்பேர் உன்னை மாதிரிதான். மாத்திரையாலதான் நன்னா இருக்கோம்னு தெரியாம, அதான் நன்னா இருக்கேனேன்னு மாத்திரையை நிறுத்திடுவா. இனிமே அந்தப் பட்டன்ல கை வச்சே, சாவியை வாங்கிண்டுடுவேன்."

கை வைக்கவில்லை. இப்போது மழையில் அந்த விளக்கு மினுக்கினால் எனக்குக் கோபம் வருவதில்லை. 'நல்லவேளை, நீ கீற' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அதையும் வெளியே சொல்வதில்லை.

புவனாவுக்கும் சதீஷுக்கும் கல்யாணமாகி ஒரு பேத்தியும் இருக்கிறாள். எந்த விசேஷத்துக்கு நான் எந்த வண்டியில் போய் இறங்கினாலும், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி சம்பந்தி வாசலிலிருந்து கத்துவார்: "இன்னா சம்பந்தி, வண்டி இந்தப் பக்கம் பாத்து நிக்குதா, வந்த வழியப் பாத்து நிக்குதா?" போன வாரம் அவர் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போனேன். வாசலில் நின்றிருந்த பேத்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, பஸ்ஸு எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?"

கார்த்திகை ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.